சிசேரியன் குழந்தையின் குடலுக்கு வராமல் போகும் கிருமிகள்

சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது முகம் பெரும்பாலும் தாயின் முதுகுப் பக்கம் பார்த்தபடி இருக்கும். மூக்கும் வாயும் தாயின் ஆசனவாயை ஒட்டி உரசிக்கொண்டுதான் வெளியே வருகின்றன. முக்கித் தள்ளும்போது தாய்க்குக் கொஞ்சம் மலம் வெளியேறுவதும் சகஜம். அதைச் சொல்லப் பெண்கள் கூச்சப்படுவார்கள், நர்ஸ் சத்தமில்லாமல் துடைத்துவிடுவார். பிரசவ அறையில் எல்லோரும் அசுத்தம் என்று நினைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் குழந்தையின் குடலுக்குத் தேவையான கிருமிகள் கைமாறும் நேரம். சிசேரியனில் தவறிப்போவது முக்கியமாக இதுதான். 'பிறப்புப் பாதைக் கிருமிகள் கிடைக்கவில்லை' என்று பரவலாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான் சரி. அந்தப் பாதித் தவறால் பல பெற்றோர்கள் கவலைப்பட வேண்டாத இடத்தில் கவலைப்படுகிறார்கள், கவனிக்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

முதலில் கருப்பை. உள்ளேயே கிருமிகள் குடியிருக்கின்றன, நஞ்சுக்கொடிக்கென்றே தனிக் கிருமிக் கூட்டம் உண்டு என்று சில ஆண்டுகள் பேசப்பட்டது. 2019-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 537 பெண்களின் நஞ்சுக்கொடிகளைச் சோதித்தார்கள். அப்படி ஒரு கூட்டம் இல்லை. முன்பு தென்பட்டவற்றில் பெரும்பகுதி பிரசவத்தின்போது ஒட்டியவை, அல்லது ஆய்வகத்து ரசாயனங்களிலேயே இருந்த மாசு. ஆரோக்கியமான கர்ப்பத்தில் குழந்தையின் குடல் ஏறக்குறைய காலி மனை. பனிக்குடம் உடைந்த பிறகுதான் அங்கே ஆள் வரத் தொடங்குகிறது. யார் முதலில் வருகிறார்கள், யார் தங்குகிறார்கள் என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். இவற்றைக் குழப்பிக்கொண்டதால்தான் இந்தத் துறையே பத்து வருடம் ஒரு பக்கமாக ஓடியது.

2010-இல் மரியா குளோரியா டொமிங்குஸ்-பெல்லோவின் குழு வெனிசுவேலாவின் அமேசோனாஸ் மாநிலத்தில் 9 தாய்மார்களையும் அவர்களுக்குப் பிறந்த 10 குழந்தைகளையும் பிறந்தவுடனே சோதித்தது. சுகப்பிரசவக் குழந்தைகளின் மேல் தாயின் பிறப்புறுப்பில் வாழும் லாக்டோபேசிலஸ், பிரிவோடெல்லா போன்றவை இருந்தன. சிசேரியன் குழந்தைகளின் மேல் இருந்தவை ஸ்டஃபைலோகாக்கஸ், கொரினிபாக்டீரியம் போன்ற தோல் கிருமிகள். பத்தே குழந்தைகள்தான், ஆனாலும் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. அதிலிருந்து அடுத்த யோசனை பிறந்தது: ஒரு துண்டு காஸ் துணியை ஆபரேஷனுக்கு முன் ஒரு மணி நேரம் தாயின் பிறப்புறுப்பில் வைத்திருந்து, குழந்தை வெளியே வந்த இரண்டு நிமிடத்துக்குள் வாய், முகம், உடல் என்று துடைத்துவிட்டால் என்ன? 2016-இல் அதே குழு 4 குழந்தைகளுக்கு இதைச் செய்துபார்த்தது. ஓரளவு கிருமிகள் ஒட்டின. பத்திரிகைகள் எழுதின, உலகமெங்கும் தாய்மார்கள் தங்கள் மருத்துவரிடம் காஸ் துணி கேட்கத் தொடங்கினார்கள்.

பிறந்த நிமிடத்தில் தோலில் இருப்பது வேறு, ஒரு வாரம் கழித்துக் குடலில் இருப்பது வேறு. பிறப்புறுப்பில் கோலோச்சும் லாக்டோபேசிலஸ் வகைகள் குழந்தையின் குடலில் அதிக நாள் நிலைப்பதில்லை. அவற்றின் வீடு அது இல்லை. இதைத் தெளிவாக்கியது டிரெவர் லாலி உள்ளிட்டோரின் பிரிட்டிஷ் ஆய்வு, 2019-இல் வெளியானது. 596 நிறைமாதக் குழந்தைகள், பாதிக்குச் சற்று மேல் சுகப்பிரசவம், மீதி சிசேரியன். பிறந்த 4, 7, 21-ஆம் நாட்களில் மலம் எடுத்து, கிருமிகளின் முழு மரபணுவையும் படித்தார்கள். சுகப்பிரசவக் குழந்தைகளின் குடலிலும் தாயின் பிறப்புறுப்புக் கிருமிகள் அவ்வளவாக இல்லை. இருந்தவை தாயின் குடல் கிருமிகள்: பேக்டீராய்ட்ஸ், பிஃபிடோபாக்டீரியம், ஈ.கோலை. சிசேரியன் குழந்தைகளில் பேக்டீராய்ட்ஸ் மிகக் குறைவு, பலரிடம் அறவே இல்லை. அந்தக் காலி இடத்தை எண்டெரோகாக்கஸ், எண்டெரோபாக்டர், கிளெப்சியெல்லா போன்றவை பிடித்திருந்தன. இவை ஆஸ்பத்திரிச் சூழலில் சாதாரணமாகத் திரிபவை. வாய்ப்புக் கிடைத்தால் நோய் உண்டாக்கக்கூடிய இந்த வகைக் கிருமிகள் சிசேரியன் குழந்தைகளில் சுமார் 84 சதவீதத்தினரிடம் இருந்தன, சுகப்பிரசவக் குழந்தைகளில் 49 சதவீதத்தினரிடம். அந்தக் குழந்தைகள் எல்லோரும் நலமாகத்தான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். குடலில் இருப்பதாலேயே நோய் வந்துவிடுவதில்லை.

பேக்டீராய்ட்ஸ் மட்டும் ஏன் இப்படித் தவறிப்போகிறது? ஆக்சிஜன் அதற்கு ஆகாது. காற்றில் வெகுநேரம் தாங்காது. சில கிருமிகள் விதை போல ஓடு கட்டிக்கொண்டு வறண்ட தரையிலும் கட்டில் கம்பியிலும் காத்திருக்கும். பேக்டீராய்ட்ஸுக்கு அந்தத் திறமை கிடையாது. ஒரு குடலிலிருந்து இன்னொரு குடலுக்கு நேராக, உடனடியாகப் போனால்தான் உண்டு. எண்டெரோகாக்கஸ் அப்படியில்லை, படுக்கை விரிப்பிலும் கையுறையிலும் நாள்கணக்கில் கிடக்கும். அதனால் வாசல் மாறும்போது முதலில் நுழைபவரும் மாறிவிடுகிறார்.

அதற்குமேல் ஒரு முடிச்சு இருக்கிறது. 2020-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சிசேரியன் குழந்தைகளிடமும் முதல் வாரத்தில் பேக்டீராய்ட்ஸ் தென்பட்டது. இரண்டாவது வாரத்துக்குள் காணாமல் போய்விட்டது. பிரசவ வலி வந்து, கர்ப்பப்பை வாய் திறந்து, பிறகு அவசரமாக ஆபரேஷனுக்குப் போன குழந்தைகளும், வலியே வராமல் நாள் குறித்து எடுக்கப்பட்ட குழந்தைகளும் இந்த விஷயத்தில் ஒன்றாகவே இருந்தார்கள். பிறப்புப் பாதையைத் தொட்டதோ தொடாததோ பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? கிருமி வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, வந்தது தங்க வேண்டும். தங்குவதைத் தீர்மானிப்பவை அடுத்த சில நாட்களில் குழந்தைக்குக் கிடைக்கும் உணவு, மருந்து, சூழல்.

தாயின் குடல் கிருமிகளை நேரடியாகக் கொடுத்தால் தங்குமா என்று சோதிக்க ஹெல்சிங்கியில் ஒரு சிறிய, துணிச்சலான முயற்சி நடந்தது, 2020-இல் வெளியானது. தாயின் மலத்தையே மிகச் சிறிய அளவில், சில மில்லிகிராம், நீர்த்துத் தாய்ப்பாலில் கலந்து 7 சிசேரியன் குழந்தைகளுக்கு முதல் பாலூட்டலிலேயே கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளின் குடல் சில வாரங்களில் சுகப்பிரசவக் குழந்தைகளின் குடலைப் போலவே ஆகிவிட்டது. பிறப்புறுப்புத் துணியால் ஆகாதது இதில் ஆயிற்று. ஆனால் சேர்ந்த 17 தாய்மார்களில் 7 பேர் மட்டுமே பரிசோதனைகளைத் தாண்டினார்கள். மற்றவர்களின் மாதிரிகள் பாதுகாப்பு கருதி ஒதுக்கப்பட்டன. அதாவது, நலமாகத் தெரிந்த தாய்மார்களில் பாதிக்கு மேற்பட்டோர் தகுதி பெறவில்லை. இதை யாரும் வீட்டில் செய்துபார்க்கக் கூடாது என்று சொல்ல இந்த ஒரு எண்ணிக்கையே போதும். காஸ் துணிக்கும் அதே கதிதான்: குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஹெர்பீஸ் போன்ற நோய்க்கிருமிகள் தாய்க்கே தெரியாமல் அங்கே இருக்கலாம், பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-இல், ஆய்வுக்கு வெளியே இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நியூசிலாந்தில் தாயின் பிறப்புறுப்புக் கிருமிகளைக் குழந்தைக்கு வாய்வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள், குடலில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அந்தத் துணிக்காக மருத்துவரிடம் வாதாடுவது வீண்.

கூடவே வரும் மற்றவை

'சிசேரியன்' என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். உண்மையில் அது ஐந்தாறு நிகழ்வுகளின் மூட்டை. வயிற்றைத் திறப்பது அதில் ஒன்று. தாய்க்குப் போடும் ஆண்டிபயாட்டிக் இன்னொன்று. பிறகு தாயும் சேயும் பிரிந்திருக்கும் மணிநேரங்கள், தள்ளிப்போகும் பால், இடையில் கொடுக்கப்படும் பவுடர் பால், சில சமயம் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. இவற்றில் மாற்ற முடியாதவை சில, மாற்றக்கூடியவை பல.

ஆண்டிபயாட்டிக்கை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக செஃபசோலின், கத்தி வைப்பதற்கு முன் ஒரு ஊசி. முன்பெல்லாம் தொப்புள்கொடியை வெட்டிய பிறகு போடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது, குழந்தைக்கு மருந்து போகக் கூடாது என்பதற்காக. முன்கூட்டியே போட்டால் தாயின் தையல் புண்ணிலும் கருப்பையிலும் கிருமித்தொற்று குறைகிறது என்று தெரிந்ததால், உலக சுகாதார நிறுவனம் கத்தி வைக்கும் முன்பே போடச் சொல்கிறது. 'என் குழந்தையின் குடலுக்காக ஊசியைத் தள்ளிப்போடுங்கள்' என்று கேட்கலாமா? தேவையில்லை. நெதர்லாந்தில் தாய்மார்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் முன்பும் இன்னொரு பக்கம் கொடி வெட்டிய பிறகும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கத்துக் குழந்தைகளின் குடலும் ஒரே மாதிரிதான் இருந்தது. தாயின் தொற்றைத் தடுக்கும் அந்த ஊசியில் கை வைக்க வேண்டாம். குழந்தைக்கே நேரடியாகப் போடும் ஆண்டிபயாட்டிக்கின் பாதிப்பு வேறு, அது பெரியது. தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தின் பேரில் தொடங்கியிருந்தால், ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளராமல் குழந்தையும் நன்றாக இருக்கும் நிலையில் 36 முதல் 48 மணி நேரத்தில் நிறுத்த முடியுமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டில் இந்த மூட்டை கனமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015–16-இல் நம் மாநிலத்தில் நூற்றுக்கு 34 பிரசவம் சிசேரியன், 2019–21-இல் அது 45. நாட்டின் சராசரி அப்போது 21.5. தமிழ்நாட்டின் தனியார் ஆஸ்பத்திரிகளில் 64, அரசு ஆஸ்பத்திரிகளில் 36. இவற்றில் ஒரு பகுதி நட்சத்திரம், முகூர்த்தம் பார்த்துக் குறிக்கப்படுபவை. ஆபரேஷன் தேவை என்று ஆனபின் நல்ல நேரம் பார்ப்பது குடும்பத்தின் விருப்பம். ஆனால் அந்த நேரத்துக்காக 39 வாரத்திலிருந்து 37-க்கு இழுத்தால் ஒரு சங்கிலி தொடங்கலாம். நுரையீரலில் உள்ள நீர் வற்றுவதற்குப் பிரசவ வலியும் உதவுகிறது, கடைசி வாரங்களும் உதவுகின்றன. இரண்டும் இல்லாத குழந்தைக்கு மூச்சு வாங்கும் வாய்ப்பு கணிசமாகக் கூடுகிறது. மூச்சு வாங்கினால் தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கே போனால் தொற்று இருக்குமோ என்று ஆண்டிபயாட்டிக், தாய் மாடி வேறு என்பதால் பவுடர் பால். பிறந்த மூன்றே நாளில் குடலுக்குக் கெடுதலான எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. அவசரம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடிந்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். பஞ்சாங்கத்தில் அதற்குப் பிறகும் நல்ல நாள் வரும்.

பாலில் இருக்கும் இன்னொரு உணவு

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக அதிகம் இருக்கும் திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒரு சர்க்கரைக் குடும்பம். தாய்ப்பால் ஒலிகோசாக்கரைடுகள் என்று பெயர், நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள். சீம்பாலில் லிட்டருக்கு 20 முதல் 25 கிராம் வரை இருக்கும், பிறகு குறைந்து 5 முதல் 15 கிராமில் நிற்கும். பசும்பாலில் மிகச் சொற்பம். குழந்தைக்கு உதவாத ஒன்றைத் தாயின் உடல் இவ்வளவு செலவழித்துச் செய்வதற்குக் காரணம், அது கிருமிக்கான உணவு. குறிப்பாக பிஃபிடோபாக்டீரியத்துக்கு. 1899-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி டிஸ்ஸியே, தாய்ப்பால் குடித்த குழந்தைகளின் மலத்தில் கண்டது இந்த இரட்டைக்கிளைக் கிருமியைத்தான். இதில் இன்ஃபான்டிஸ் என்ற வகை அந்தச் சர்க்கரைகளை முழுசாக உள்ளே இழுத்துத் தின்று, அசிட்டிக், லாக்டிக் அமிலங்களாக வெளியே தள்ளும். குடல் புளிக்கிறது. அந்தப் புளிப்பில் கிளெப்சியெல்லாவும் அதன் கூட்டாளிகளும் திணறும்.

மேலைநாட்டு ஆய்வுகளை 1926 முதல் 2017 வரை வரிசையாக அடுக்கிப் பார்த்தவர்கள், குழந்தை மலத்தின் பிஹெச் அளவு 5.0-இலிருந்து 6.5-க்கு ஏறிவிட்டதைக் கண்டார்கள். புளிப்பு போய்விட்டது. பிஃபிடோபாக்டீரியம் குறைந்துவிட்டதன் அடையாளம் அது.

இந்த விஷயத்தில் எனக்கு மிக நம்பிக்கை தரும் ஆய்வு டெபி போகார்ட்டின் குழு நெதர்லாந்தில் 120 தாய்–சேய் ஜோடிகளை வைத்துச் செய்தது, 2023-இல் வெளியானது. தோல், எச்சில், பால், மலம் என்று தாயின் பல இடங்களிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். சிசேரியன் குழந்தைக்குத் தாயின் மலத்திலிருந்து வரும் பங்கு குறைந்தது, ஆனால் தாய்ப்பாலிலிருந்து வரும் பங்கு கூடியது. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி அகலமாகிறது. பால் அந்த இரண்டாவது வழி. சிசேரியன் ஆன வீட்டில்தான் தாய்ப்பாலுக்குக் கூடுதலாகப் பாடுபட வேண்டும். நடைமுறையில் நடப்பதோ நேர்மாறு: 'ஆபரேஷன் ஆன உடம்பு, பால் ஊறவில்லை, இப்போதைக்குப் பவுடர் கொடுப்போம்.'

அந்த முதல் நாளில் என்ன செய்ய முடியும்?

தண்டுவட ஊசி போட்ட சிசேரியனில் தாய்க்கு மார்புக்குக் கீழேதான் மரத்திருக்கும். கை வேலை செய்யும், நினைவு இருக்கும். குழந்தை அழுது நன்றாக மூச்சுவிட்டால், உடம்பைத் துடைத்து, தலைக்குக் குல்லாய் போட்டு, தாயின் மார்பில் குறுக்காகப் படுக்கவைக்கலாம். கீழே தையல் போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் துணி மறைத்திருப்பதால் நீளவாக்கில் இடமிருக்காது. இதற்கு முன்னேற்பாடு வேண்டும். ஈசிஜி ஒட்டிகளை மார்பு நடுவில் ஒட்டாமல் தோள்பட்டைப் பக்கம் ஒட்டச் சொல்ல வேண்டும். டிரிப்ஸை வலக்கை பழக்கம் உள்ளவருக்கு இடக்கையில் ஏற்றச் சொல்ல வேண்டும். கவுன் முன்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். அறை 25 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. வழக்கமாக தியேட்டர் ஏ.சி. இதைவிடக் குளிராக இருக்கும், குழந்தை விறைத்துப்போய் வார்மர் என்னும் சூடேற்றும் தொட்டிலுக்குத் தூக்கப்படுவதற்கு முக்கியக் காரணமே இதுதான். மேலே சூடான துணி போர்த்த வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று குழந்தையின் மூக்கு மறையவில்லையா, கழுத்து மடங்கவில்லையா, உதடு சிவந்திருக்கிறதா என்று விடாமல் பார்க்க வேண்டும். களைத்துத் தூங்கும் தாயின் மார்பில் தனியாக விடக் கூடாது. முதல் இரண்டு மணி நேரத்தில் குழந்தை மூச்சடைத்துச் சோர்ந்துபோவது அரிது, ஆனால் நடக்கும்.

இவையெல்லாம் மயக்க மருத்துவரின் சம்மதத்தோடுதான் முடியும். மகப்பேறு மருத்துவரிடம் மட்டும் சொல்லிவைத்துவிட்டு, ஆபரேஷன் அன்றைக்கு மயக்க மருத்துவரை முதன்முதலாகப் பார்ப்பதால்தான் பெரும்பாலும் இது நடக்காமல் போகிறது.

ஒரு மணி நேரத்துக்குள் பால். இந்தியாவில் 2019–21 கணக்கெடுப்பில் 41.8 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் இது கிடைத்தது. தையலில் குழந்தை உதைக்காமல் இருக்க இரண்டு முறைகள் நன்றாக உதவும். ஒன்று, தாய் ஒருக்களித்துப் படுத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, குழந்தையை முகம் பார்த்தபடி பக்கத்தில் படுக்கவைப்பது. இன்னொன்று, உட்கார முடியும்போது, குழந்தையின் உடலை அக்குளுக்கு அடியில் இடுக்கி, கால் பின்பக்கம் போகும்படி பிடிப்பது. இரண்டிலும் காம்பு மட்டும் இல்லாமல், அதைச் சுற்றிய கருவட்டமும் பெரும்பகுதி குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும்.

குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டால் சீம்பாலைக் கையால் பீய்ச்ச வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி எதிரெதிரே இருக்கும்படி வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்துப் பிடித்து விட வேண்டும். தோலை உரசி இழுக்கக் கூடாது. விரல்களைச் சுற்றிச் சுற்றி இடம் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். முதலில் சொட்டுதான் வரும். பம்ப் வைத்தால் அந்தச் சொட்டு குழாயிலேயே ஒட்டிக் காணாமல் போகும், அதனால் முதல் இரண்டு நாள் கையே மேல். சுத்தமான பாலாடையிலோ சங்கிலோ பிடித்து அப்படியே குழந்தைக்குக் கொண்டுபோகலாம்.

சொட்டுப் பால் போதுமா என்ற பயம்தான் பவுடர் டப்பாவைத் திறக்கவைக்கிறது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்குக் குழந்தைக்குத் தேவை 2 முதல் 10 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15. மூன்றாம் நாள் 15 முதல் 30. நான்காம் நாள்தான் 30 முதல் 60. நாளுக்கு 8 முதல் 12 தடவை. சிசேரியனில் பால் பெருகுவது மூன்று நாளைத் தாண்டலாம், அடிக்கடி சப்பவைப்பதும் பீய்ச்சுவதும்தான் அதை வரவழைக்கும். 'ஆண்டிபயாட்டிக் போட்டிருக்கிறார்கள், பாலில் இறங்கிவிடும்' என்று நிறுத்திவைப்பதும் நடக்கிறது. செஃபசோலின் பாலில் மிகக் குறைவாகவே வரும், பாராசிட்டமாலும் அப்படித்தான். பால் கொடுக்கலாம்.

அதே சமயம், கிருமிகளுக்காகக் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, ரத்தச் சர்க்கரை குறைந்தாலோ, குழந்தை துவண்டு பால் இழுக்காமல் கிடந்தாலோ, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஆறு தடவை சிறுநீர் போகாவிட்டாலோ, மருத்துவர் சொல்லும் கூடுதல் பாலைக் கொடுத்தே ஆக வேண்டும். முதலில் தாயின் பீய்ச்சிய பால், அடுத்து தாய்ப்பால் வங்கிப் பால், அதுவும் இல்லையென்றால் பவுடர் பால். வங்கிப் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவதால் உயிருள்ள கிருமிகள் இறந்துவிடும், ஆனால் அந்தச் சர்க்கரைகள் கெடாமல் இருக்கும். கிருமி வராவிட்டாலும் கிருமிக்கான சாப்பாடு வரும். பவுடர் பால் கொடுக்க நேர்ந்த தாய் எதையும் கெடுத்துவிடவில்லை. தேவைப்பட்ட அளவு கொடுத்துவிட்டு மார்புக்குத் திரும்புவதுதான் முக்கியம்.

நம் வீடுகளில் இதற்கெல்லாம் முன்பே வந்துவிடுவது சேனை. நல்ல குணமுள்ள ஒருவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தொட்டுவைத்தால் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்ற ஆசை. பாட்டியோ அத்தையோ பாசத்தோடு செய்வது. தேன் மட்டும் கூடவே கூடாது, ஒரு வயது வரை. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் விதைகள் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் கிருமிகள் அதை முளைக்கவிடாது. காலி மனையான பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சு சுரந்தால் குழந்தைக்கு உடல் தளர்ந்து மூச்சே நிற்கலாம். கழுதைப்பால், உரசிக் கொடுக்கும் உரை மருந்து, கிரைப் வாட்டர் எல்லாமே இதே கதையின் வேறு வாசல்கள்: காய்ச்சாத பால், கழுவாத கல், எங்கிருந்தோ வந்த தண்ணீர். ஆபரேஷன் ஆன தாய் மயக்கம் தெளிவதற்குள் இவை நடந்துவிடும் என்பதால், வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே உட்கார்ந்து பேசிவைக்க வேண்டும். 'முதல் சேனை சீம்பாலாகவே இருக்கட்டும், நீங்களே பாலாடையில் ஊட்டுங்கள் அத்தை' என்று சொன்னால் அவர்களின் இடமும் பறிபோகாது.

புரோபயாட்டிக், அதாவது நல்ல கிருமிகள் அடங்கிய சொட்டு மருந்து? ஒடிசாவின் கிராமங்களில் 4,556 குழந்தைகளை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வு பெரிய விஷயம். லாக்டோபேசிலஸ் பிளாண்டாரத்தின் ஒரு குறிப்பிட்ட வகையை, அதற்கு உணவாகும் சர்க்கரையோடு ஏழே நாள் கொடுத்ததில், ரத்தத்தொற்றும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4-க்கு இறங்கின. எல்லாக் குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தவர்கள், 2 கிலோவுக்குக் குறையாதவர்கள். அந்த முடிவை மருந்துக்கடையில் கிடைக்கும் வேறொரு கிருமிச் சொட்டுக்குப் பொருத்த முடியாது, வகை மாறினால் வேலையும் மாறும். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் புரோபயாட்டிக் கிருமியே ரத்தத்தொற்றாக மாறும் ஆபத்தை எச்சரித்தது.

பிறகு என்ன ஆகிறது? பிரிட்டிஷ் குழந்தைகளில் 6 முதல் 9 மாதத்துக்குள் பெரும்பாலான வேறுபாடுகள் மங்கிவிட்டன, பேக்டீராய்ட்ஸ் மட்டும் இன்னும் பின்தங்கியிருந்தது. ஆஸ்துமா சிசேரியன் குழந்தைகளிடம் சற்று அதிகம் என்று பெரிய பதிவேடுகள் காட்டுகின்றன. ஆனால் சிசேரியனுக்குக் காரணமான தாயின் உடல்நிலையும் அதில் கலந்திருக்கிறது. கோபன்ஹேகனில் 700 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஒரு வயதிலும் குடல் கிருமிகள் முதிராமல் சிசேரியன் சாயலிலேயே இருந்தவர்களிடம்தான் ஆஸ்துமா கூடியது. ஒரு வயதுக்குள் சரியாகிவிட்டவர்களிடம் அந்த ஆபத்துக் கூடவில்லை. முதல் நாளில் தவறியதை ஈடுகட்ட ஓராண்டு அவகாசம் இருக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு அதோடு சேர்த்துப் பருப்புச் சாதம், மசித்த காய், கீரை, பழம் என்று வகைவகையாக உணவு, சாதாரணச் சளிக்கு ஆண்டிபயாட்டிக் கேட்காமலிருப்பது ஆகியவை அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியவை.

அப்பாக்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2024-இல் வந்த ஓர் ஆய்வு தாய், தந்தை, குழந்தை மூவரின் கிருமிகளையும் வகை பிரித்து ஒப்பிட்டது. ஒரு வயதாகும்போது தந்தையிடமிருந்து வந்து சேர்ந்த கிருமிகள் தாயிடமிருந்து வந்தவற்றுக்கு ஏறக்குறைய ஈடாகியிருந்தன. முழு மயக்கம் கொடுத்த ஆபரேஷனில் தாய் கண் விழிக்கும்வரை குழந்தையை வார்மரில் தனியாக வைக்க வேண்டியதில்லை. அப்பா கை கழுவி, சட்டையைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் குழந்தையைப் போட்டு மேலே போர்வை போர்த்திக்கொள்ளலாம். குளிப்பாட்ட 24 மணி நேரம் போகட்டும்.